அதே ரேடியோகிராம்தானா?

ரேடியோகிராம் என்பது வானொலியையும் இசைத்தட்டு சுழற்றியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கிய வீட்டுத் தளபாடம். 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டாலும் 1950களும் 1960களுமே அதன் செழிப்பான காலம். 1948இல் நீள்நேர இசைத்தட்டும் 1958 அளவில் ஸ்டீரியோ இசைத்தட்டும் வந்தபின், இரு ஓரங்களிலும் ஒலிபெருக்கி பொருத்திய நீளமான பெட்டிகள் வரத் தொடங்கின. இலங்கையின் ஊவா மாகாணத்தில் அவை முதலில் நின்ற இடங்கள் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களும் அவர்களுடைய கிளப்புகளும். அடுத்து, பதுளை, பண்டாரவளை நகரங்களின் வசதியான வீடுகள். தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது வெகு பிந்தித்தான். அதனால் லயத்து மக்களுக்கு இசைத்தட்டு என்பது கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து மலைச்சரிவெங்கும் கேட்ட பாட்டு. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த வெள்ளைத்துரைமாரும் வெளியேறினர். தூக்கிச் செல்ல முடியாத கனமான தளபாடங்கள் இங்கேயே தங்கிவிட்டன.

அப்படித் தங்கிய ஒரு பெட்டியை மீண்டும் பாட வைப்பது கைத்திறன் சார்ந்த வேலை. ஆனால் வேலை பாதி நடந்ததும் ஒரு மெய்யியல் கேள்வி எழுகிறது. வால்வு மாறி, கண்டென்சர் மாறி, ஊசி மாறி, ரப்பர் மாறி, மேற்பலகையும் மாறியபின் பாடுவது அதே பெட்டிதானா? மாறவில்லை என்று சொல்ல முடியாது. வேறு பெட்டி என்று சொல்லவும் வாய் வருவதில்லை. பௌத்தமும் சைவமும் இக்கேள்விக்குத் தந்த விடைகள் ஊவா மண்ணிலேயே செங்கல்லாகவும் கருங்கல்லாகவும் நிற்கின்றன. ஆகவே இங்கே வைத்து இதை ஆராய்வது மிகவும் பொருந்தும்.

முதலில், பெட்டியில் எது எப்படி அழிகிறது என்பது தெரிய வேண்டும். எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பதுளைப் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஆடி, ஆவணியில் வறண்ட காற்று மலையிறங்கி வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த அதே வறட்சிதான் மரப்பெட்டியின் மேலொட்டுப் பலகையைக் கிளப்பிவிடுகிறது. மழையில் உப்பி, காற்றில் சுருங்கி, ஒட்டுப்பசை விட்டுப்போக, பலகை ஓரத்தில் கொப்புளம் போல் எழும்புகிறது. உள்ளே நிலைமை இன்னும் மோசம். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடும். அந்தக் கசிவு வெளியீட்டு வால்வின் கிரிட்டை எட்டினால், வால்வு அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்துச் சிவந்து காயும். கூடவே டிரான்ஸ்போமரும் கருகக்கூடும். பல ஆண்டு தூங்கிய பெட்டியை ஆசையோடு உடனே சுவரில் சொருகிப் பார்ப்பவர் அதைக் கொன்றே விடலாம்.

மிகவும் நுட்பமான சாவு, ஊசியைத் தாங்கும் பிக்கப்பின் தலைக்குள் நிகழ்கிறது. அக்காலத்துப் பிக்கப்புகள் பலவற்றில் இருந்தது ரோஷெல் உப்பின் படிகம். ஊசியின் அசைவில் நெளிந்து மின்னழுத்தம் தருவது அதன் இயல்பு. ஈரத்தில் கரைந்து கெடுவதும் அதன் இயல்பே. அப்புத்தளையின் மூடுபனியில் சில பத்தாண்டுகள் கிடந்த பிக்கப்பைத் திறந்தால், படிகம் இருந்த இடத்தில் வெளுத்த பிசுபிசுப்பைக் காணலாம். அதை எவராலும் பழுது பார்க்க முடியாது. பீங்கான் படிகம் வைத்த பிற்காலப் பிக்கப்பை அந்த இடத்தில் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஊசியும் அவ்வாறே. 78 சுற்று அரக்குத் தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரோன் ஆரமுள்ள முனை வேண்டும். மோனோ நீள்நேரத் தட்டுக்குச் சுமார் 25 மைக்ரோன் போதும். தேய்ந்த முனையோடு தட்டை ஓட்டுவது பாட்டை அறுத்தெடுப்பதற்குச் சமம். தட்டு சுழலும் மேடையின் கீழ், மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் சிறிய ரப்பர்ச் சக்கரம் ஒன்று உண்டு. பொத்தானைத் திருப்பி விலக்காமல் விட்டுவிட்டால், மோட்டார்த் தண்டு அந்த ரப்பரில் நாள்பட அழுந்திப் பள்ளம் போடும். அதன்பின் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்றொரு தட்டல் பாட்டுக்குள் நுழையும்.

இவையெல்லாம் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதவையும் உண்டு. அலைவரிசைக் கண்ணாடியின் பின்புறத்தில் நிலையப் பெயர்களும் மீற்றர் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் அறுபது ஆண்டு நின்ற எழுத்துகள் துணியோடு வந்துவிடும். பாட்டுக்கு அந்தக் கண்ணாடி எந்த உதவியும் செய்வதில்லை. அது இல்லாமலும் பெட்டி பாடும். ஆனாலும் அது போனால் பெட்டியின் முகமே போய்விட்டதென்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். இயக்கத்துக்கு இன்றியமையாத கண்டென்சரை மாற்றும்போது உறுத்தாத மனம், இயக்கத்துக்குத் தேவையே இல்லாத கண்ணாடிக்காகத் துடிக்கிறது. அடையாளம் பற்றிய கேள்வியின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது.

மேலைநாட்டார் இக்கேள்வியைக் கப்பலின் வழியே கேட்டனர். வீரன் தீசியஸ் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காத்துவந்தனர் என்றும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் இரு கட்சியாகி வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் பூட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஊவாவில் இதைக் கேட்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஹாலிஎலையை அடுத்த போகொடவில் கல்லந்த ஓயாவின் மேல் ஓடு வேய்ந்த மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, பதுளையிலிருந்து கண்டிக்குச் சென்ற பழைய வழியில் அமைந்தது. ஓடும் நீருக்கு மேலே மழையிலும் வெயிலிலும் நிற்கும் மரத்தை, பழுதானதை மாற்றாமல் நூற்றாண்டுக் கணக்கில் காக்க எவராலும் முடியாது. ஆனாலும் அதைக் கடப்பவர் எவரும் நகலொன்றின் மேல் நடப்பதாக நினைப்பதில்லை.

பௌத்தத்தின் விடை பாலி நூலான மிலிந்தபஞ்ஹவில் மிகத் தெளிவாக வருகிறது. வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க வழி அரசன் மிலிந்தன் தேரில் வந்திறங்குகிறான். தேர் என்பது அச்சா, சக்கரமா, சட்டமா, நுகமா, கடிவாளமா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இவற்றில் எதுவும் தேர் அல்ல; இவற்றுக்கு வெளியேயும் தேர் இல்லை. உறுப்புகள் ஒரு முறையில் கூடி நிற்கும்போது வழங்கும் பெயர்தான் தேர். மனிதனும் அவ்வாறே என்பது நாகசேனர் எட்டும் முடிவு. இரவின் முதல் யாமத்தில் எரியும் சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா வேறா என்று அந்நூல் மேலும் கேட்டு, ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, ஒன்றையொன்று பற்றி எழும் தொடர்ச்சியே உள்ளது என்று விடை சொல்கிறது.

ரேடியோகிராமுக்கு இந்த விடை வெகுவாகப் பொருந்துகிறது. பெட்டிக்குள் எந்த உறுப்பைக் காட்டி ‘இதுதான் ரேடியோகிராம்’ என்று சொல்வது? வால்வைத் தனியே எடுத்து வைத்தால் அது வால்வு. பெட்டியைத் தனியே வைத்தால் அது துணி அடுக்கும் அலமாரி. இந்தியத் தர்க்க மரபினரான நியாய வைசேடிகர் இதை ஏற்பதில்லை. உறுப்புகளைக் கடந்து முழுமை என்று ஒன்று உண்மையாகவே உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அதன் விளைவு கடுமையானது. ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் ஊசி மாற்றிய ஒவ்வொரு முறையும் வீட்டில் புதிய ரேடியோகிராம் ஒன்று பிறந்திருக்கிறது. தர்க்கத்தில் குறையில்லை, ஆயினும் வாழ்வோர் எவரும் அந்தத் தர்க்கத்தின்படி பொருளோடு பழகுவதில்லை.

பௌத்தர்கள் ‘பெயர் மட்டுமே’ என்று சொன்னதால் பழையதை மதிக்காமல் விட்டார்கள் என்று எண்ணக்கூடாது. மகியங்கனைத் தூபி பதுளை மாவட்டத்தில் உள்ளது. மகாவம்சம் சொல்லும் வரலாற்றின்படி, முதலில் அது நீலமணியால் ஆன ஏழு முழச் சிறுதூபி. அதை உள்ளே வைத்துப் பன்னிரண்டு முழத் தூபி எழுந்தது. அதையும் உள்ளடக்கி முப்பது முழத் தூபி எழுந்தது. பின் துட்டகாமணி அதைச் சூழ எண்பது முழத் தூபியைக் கட்டினான். இங்கே எதையும் கழற்றி எறியவில்லை. பழையதன் மேல் புதியதைப் போர்த்தினார்கள். வெளியே தெரிவது முழுவதும் புதியது. உள்ளே இருப்பது எதுவும் தொடப்படவில்லை. பழுதுபார்ப்பவர் சிலர் இதன் எதிர்த்திசையில் ஒரு வேலை செய்வதுண்டு. பழைய காகிதக் கண்டென்சரின் உட்பகுதியைச் சுரண்டி எடுத்து, புதிய சிறிய கண்டென்சரை அந்தக் கூட்டுக்குள் வைத்து மெழுகால் அடைத்துவிடுவார்கள். வெளித்தோற்றம் பழையது, உள்ளே புதியது. கண்ணுக்கு இதமான வேலைதான். ஆனால் செய்ததைச் சொல்லாமல் விற்றால் அது வஞ்சனை. தூபியைப் பெரிதாக்கிய அரசர்கள் தாங்கள் செய்ததை மறைக்கவில்லை. அதைப் பெரும் புண்ணியமாகப் பதிவு செய்தார்கள்.

சைவ மரபு இக்கேள்வியைச் சடங்காகவே அமைத்துக்கொண்டது. பழுதுற்ற கோயிலைப் புதுப்பிப்பதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். அதன் நிறைவில் செய்யும் குடமுழுக்குக்குப் புனராவர்த்தம் என்று பெயர். வேலை தொடங்குமுன் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியை அமைத்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுகிறார்கள். அதன்பின் கற்சிலை சிற்பியின் கைக்கு வரலாம், உளி படலாம். வேலை முடிந்தபின் சக்தி மீண்டும் மூர்த்திக்குச் சேர்க்கப்படுகிறது. பொருள் வேறு, பொருளில் உறைவது வேறு என்ற தெளிவு இதில் இருக்கிறது. ஊவா மாகாணத்திலேயே உள்ள கதிர்காமத்தில் இத்தெளிவு அதன் எல்லை வரை போயிருக்கிறது. அங்கே மூலத்தானத்தில் அடியார் காண்பது திரை. யானைமேல் உலா வருவது மூடிய பேழை. காணக்கூடிய உருவமே இல்லாமல் தலைமுறைகள் அதே முருகனை வணங்கி வருகின்றன.

குடமுழுக்கைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை செய்யும் வழக்கத்துக்கு மிக நடைமுறையான காரணம் ஒன்றும் உண்டு. மூர்த்தியைப் பீடத்தோடு பிணைப்பது அட்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், காவிக்கல், சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் கலந்து, கை ஓய இடித்து, இளகிய பதத்தில் பீடத்தின் இடுக்கில் சாத்துகிறார்கள். நாளடைவில் அது இறுகி, வெடித்து, பிடி விடுகிறது. பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்தாமல் கோயில் நிலைபெறாது. இந்தக் கொம்பரக்கு அரக்குப்பூச்சி மரக்கிளையில் கசியவிடும் பிசின். அதே அரக்குத்தான், கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தப்பட்டு, 78 சுற்று இசைத்தட்டாகியது. சாராயத்தில் கரைத்து மரத்தில் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷும் அதே அரக்கே. கடவுளைப் பீடத்தில் நிறுத்துவதும், குரலைத் தட்டில் நிறுத்துவதும், பெட்டியின் மேனியை மினுக்குவதும் ஒரே பூச்சியின் பிசின். அது என்றென்றும் நிற்கும் என்று எந்தச் சிற்பியும் வாக்குக் கொடுத்ததில்லை. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதை மரபு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. நிலைத்தல் என்பதை மாறாதிருத்தலாகக் கொள்ளாமல், விடாமல் புதுப்பித்தலாகக் கொண்டது இந்த மரபின் பெரிய கண்டுபிடிப்பு.

ஆகமங்கள் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகின்றன. மூர்த்தியின் தலைமை உறுப்பு உடைந்தால் அது வழிபாட்டுக்கு ஆகாது. சார்புறுப்பில் சிறு பழுது என்றால் திருத்திக்கொள்ளலாம். அங்கம் எது, உபாங்கம் எது என்று அறிவதுதான் புதுப்பிப்பவரின் முதல் கடமை. தோட்டத்து மக்கள் இதை நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். தேயிலை ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தொழிற்சாலையில் பெரிய சக்கரங்களைக் காக்கும் தெய்வமாக ரோதைமுனியை வைத்து அவர்கள் கும்பிட்டார்கள். பட்டி அறுந்து மாறும், பல்சக்கரம் தேய்ந்து மாறும், எஞ்சினே மாறும், முனி மாறுவதில்லை. இயந்திரத்தின் உறுப்புகளில் அல்ல, அதன் அருகே உழைப்போர் அதற்கு அஞ்சி, அதை நம்பி வாழும் உறவில் அந்த முனி குடியிருந்தது.

இனிப் பெட்டியிலிருந்து பாட்டுக்குப் போகலாம். புதுப்பித்த பெட்டியில் ஓடும் பழைய பாட்டு அதே பாட்டா? ஒலி என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்த மட்டும் செய்கிறது என்பது மீமாம்சகர் கட்சி. ஒலி ஒவ்வொரு முறையும் தோன்றி அழிகிறது, முன் கேட்டதும் இப்போது கேட்பதும் ஒரே இனம் மட்டுமே என்பது நையாயிகர் கட்சி. வேத ஒலியைப் பற்றி எழுந்த இவ்வழக்கு இசைத்தட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. தட்டில் பள்ளம் இருக்கிறது. ஊசி ஓடாதபோது பாட்டு எங்கே இருக்கிறது?

இதற்கு விடை தேடும்போது கேட்பவர் உள்ளே வருகிறார். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு 1950களிலிருந்து ஊவாத் தோட்டங்களிலும் கேட்டது, தமிழ்நாட்டிலும் கேட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை லயங்களைப் பிரித்தது. பிறந்த மண்ணிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி நீலகிரிச் சரிவுகளில் குடியமர்ந்தது. நாடு மாறியது, குடியுரிமை மாறியது, உறவு பாதியாயிற்று. அங்கே ஒரு வானொலிப் பெட்டியில் பழைய பாட்டொன்று எழும்போது, ‘இது பசறையில் கேட்ட பாட்டு’ என்று ஒரு மூதாட்டி அறிகிறார் என்றால், அந்த அறிதலில் இரண்டு காலங்கள் ஒன்றாகின்றன. முன்பு கேட்டவரும் இப்போது கேட்பவரும் ஒருவரே ஆனாலன்றி ‘அதுவே இது’ என்ற சொல் பிறக்காது.

பௌத்தரை மறுத்த சைவசித்தாந்திகள் இந்த மீளறிதலைத்தான் சான்றாக நிறுத்தினார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில், ‘எனது உடல்’ என்று உடலைத் தன்னின் வேறாகச் சொல்வதையும் ஐம்புலன் அறிவையும் ஒன்றே கூட்டி அறிவதையும் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களாகக் காட்டினார். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் எடுத்து மறுத்தார். பௌத்தரின் பதில் எளியதல்ல. முன்கணம் பின்கணத்தில் வாசனையைப் பதித்துச் செல்கிறது, அந்தப் பதிவே நினைவாகிறது, பதிவைத் தாங்க நிலையான ஒருவர் வேண்டியதில்லை என்பது அது. இங்கே இசைத்தட்டு தானே சாட்சிக்கு வருகிறது. தட்டைவிட நிறைவாகப் பதிவைத் தாங்கும் பொருள் எது? பாடியவரின் மூச்சு வாங்கலைக்கூட அது விடாமல் வைத்திருக்கிறது. ஆனாலும் தட்டுக்கு எதுவும் நினைவில்லை. ஆயிரம் முறை ஓடினாலும் ‘முன்பும் ஓடினேன்’ என்று அது அறிவதில்லை. பதிவு இருந்தால் நினைவு இருக்கும் என்ற வாதம் இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. கேட்டல் என்ற நிகழ்ச்சியே போதும், அதன் பின்னால் கேட்பவர் ஒருவர் வேண்டாம் என்று பௌத்தர் இன்னும் சொல்லலாம்; நாகசேனரின் சுடர் அதற்கு இடம் தருகிறது. ஆயினும் முன்யாமச் சுடரும் பின்யாமச் சுடரும் ஒத்தவை என்று சொல்வதற்கு இரவு முழுவதும் விழித்திருந்த ஒருவர் வேண்டும் அல்லவா? பெட்டியைப் பொறுத்தவரை நாகசேனரின் விடையே போதுமானது. பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மெய்கண்டாரின் விடைதான் பொருந்துகிறது.

இந்த முடிவிலிருந்து புதுப்பிக்கும் வேலைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பெட்டிக்கென்று தனி உயிர் இல்லை என்றால், அதன் ஒருமை அதை அறிந்துகொள்வோரிடம் இருக்கிறது. மீளறிதலுக்குக் கைகொடுக்கும் பகுதிகளே அதன் அங்கங்கள்: வால்வின் கனிந்த குரல், முன்துணியின் நெசவு, கண்ணாடி எழுத்து, மூடியில் பலர் கை வைத்துத் தேய்ந்த இடம். கண்டென்சர், ரப்பர்ச் சக்கரம், பிக்கப் படிகம் ஆகியவை உபாங்கங்கள். மாற்றலாம், மாற்றியே ஆக வேண்டும். உள்ளே உள்ளதை வழித்தெறிந்து புளூடூத் கருவியொன்றை வைத்துவிட்டு வெளிப்பெட்டியை மினுக்குவது புதுப்பித்தல் ஆகாது. அப்பெட்டி எந்தக் குரலால் அறியப்பட்டதோ அந்தக் குரல் அங்கே இல்லை. மறுபுறம், ஒரு கண்டென்சரும் மாறக்கூடாது என்று பிடிவாதமாக ஊமையாக வைத்திருப்பதும் அதைக் காப்பதாகாது. மூடியில் உள்ள கீறலை மணல்தாளால் உரசி அழிப்பதற்கு முன், அந்தக் கீறலைக் கொண்டே பெட்டியை அடையாளம் சொல்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டறிவது நல்லது.

கழித்த உறுப்புகளை என்ன செய்வது என்பதிலும் மரபுகள் மௌனமாக இல்லை. வழிபாட்டிலிருந்து நீங்கிய மரத் திருமேனியை எரிப்பது, கற்சிலையை ஆழ்நீரில் விடுவது, உலோகத்தை உருக்கிப் புதியதில் சேர்ப்பது எனப் பொருளுக்கேற்ற விதிகள் உண்டு. கழித்த பலகைகள் தனியே சேர்ந்து இன்னொரு கப்பலாகி உரிமை கோரும் ஹொப்ஸின் சிக்கல் இதனால் எழாமலே போகிறது. ரேடியோகிராமுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. கவனமாகப் புதுப்பிப்பவர்கள் கழற்றிய வால்வுகளையும் கண்டென்சர்களையும் ஒரு பையில் கட்டி, எதை எந்த ஆண்டு எதற்காக மாற்றினார்கள் என்று எழுதிய தாளோடு பெட்டியின் அடித்தட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். அடுத்துத் திறப்பவர் எது பழையது, எது பின்வந்தது என்பதை அந்தத் தாளிலிருந்து அறிந்துகொள்ளலாம்.